சொல்லும் பொருளும்: மொழிப் பரிமாற்றத்தையும் கைவேலையையும் ஒரே திட்டமாக வகுப்பில் நடத்துவது எப்படி?

தமிழில் ‘பொருள்’ என்றால் அர்த்தம். கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பண்டமும் பொருள்தான். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் திட்டம் அந்த இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருகிறது. வேறு மொழி பேசும் ஒரு வகுப்போடு உங்கள் மாணவர்கள் தொடர்பு வைத்துக்கொள்கிறார்கள். நலம் விசாரித்துக் கடிதம் எழுதுவதோடு நிற்காமல், அந்த வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு பொருளை வடிவமைத்து, செய்துபார்த்து, திருத்துகிறார்கள். அவர்களும் இவர்களுக்காக அதையே செய்கிறார்கள்.

இரண்டையும் தனித்தனியாகவும் நடத்திப் பார்த்திருக்கிறேன். கடிதம் மட்டும் என்றால் பெயர், வயது, பிடித்த நிறம், வீட்டில் எத்தனை பேர் என்று இரண்டு கடிதம் ஓடும். மூன்றாவதில் பேச ஒன்றும் இருக்காது. கைவேலை மட்டும் என்றால் பிள்ளைகள் வாய் திறக்காமலேயே செய்து முடித்துவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவன் செய்வதைப் பார்த்தாலே போதுமே. ஆனால் செய்கிறவர் இங்கே, செய்முறையைச் சொல்கிறவர் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் என்று வைத்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. சொன்னால்தான் வேலை நடக்கும். தப்பாகச் சொன்னால் பொருள் விழும்.

இந்த நெருக்கடி ஏன் தேவை என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில் 1965-இல் ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்குப் பாடங்களையே பிரெஞ்சில் நடத்தத் தொடங்கினார்கள். அது நாடு முழுக்கப் பரவியது. அப்படிப்பட்ட வகுப்புகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின் 1985-இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: வருடக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்டு நன்றாகப் புரிந்துகொண்ட பிள்ளைகள்கூட, பேசும்போதும் எழுதும்போதும் இலக்கணத்தில் தடுமாறினார்கள். காதில் விழுவது மட்டும் போதாது, துல்லியமாகச் சொல்லியே ஆகவேண்டிய தேவை வரவேண்டும் என்பது அவர் வாதம். அட்டையில் ஒரு தாங்கி செய்யச் சொல்லி இன்னொருவருக்கு எழுதும் பிள்ளைக்கு அந்தத் தேவை தானாகவே வந்துவிடுகிறது.

சரி, எப்படித் தொடங்குவது? வாரத்துக்கு இரண்டு வகுப்பு நேரம் கிடைத்தால் எட்டு வாரத்தில் ஒரு சுற்று முடியும். 10 வயதிலிருந்து 14 வயதுவரை உள்ளவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

படி 1: பொருளை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லோரும் முதலில் இணை வகுப்பைத் தேடுகிறார்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். “நாம் சேர்ந்து ஏதாவது செய்யலாமா?” என்று கேட்கும் கடிதத்துக்குப் பதில் வருவது அரிது. “அட்டையில் ஒரு புத்தகத் தாங்கி, எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு கடிதம்” என்று எழுதினால், அந்தப் பக்கத்து ஆசிரியருக்குத் தன் வகுப்பில் அது நடக்குமா நடக்காதா என்று உடனே தெரிந்துவிடும்.

நல்ல பொருளுக்கு ஓர் அடையாளம் உண்டு. அது சரியாக வந்ததா இல்லையா என்பதை ஆசிரியர் சொல்ல வேண்டியிருக்காது, பொருளே காட்டிவிடும். தாங்கி நிற்கும் அல்லது சரியும். காகிதப் பாலம் எடையைத் தாங்கும் அல்லது தொய்யும். புதிதாக உருவாக்கிய பலகை விளையாட்டை விதிகளைப் படித்து ஆட முடியும் அல்லது முடியாது. எழுத்தே இல்லாத வழிகாட்டிப் படத்தைப் பார்த்து நூலகம் எது, கழிப்பறை எது என்று வேறு மொழிக்காரர் கண்டுபிடிப்பார் அல்லது முழிப்பார்.

‘எங்கள் பண்பாடு’ என்று போஸ்டர் செய்து பரிமாறிக்கொள்வதை நான் தவிர்க்கிறேன். போஸ்டர் எப்படி இருந்தாலும் “அழகாக இருக்கிறது” என்றுதான் பதில் வரும். அதோடு, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கண்காட்சியில் வைத்த பொம்மை மாதிரி ஆகிவிடுகிறார்கள்.

கட்டுரை முழுக்கப் புத்தகத் தாங்கியையே எடுத்துக்கொள்கிறேன். படிக்கும்போது புத்தகத்தைச் சாய்வாக நிறுத்தி வைக்கும் எளிய பொருள் அது.

படி 2: இணை வகுப்பைத் தேடுதல்

பள்ளிகளை இணைத்து வைக்கும் அமைப்புகள் நெடுநாளாக இருக்கின்றன. 1988-இல் நியூயார்க், மாஸ்கோ பள்ளிகளை இணைக்கும் முயற்சியாகத் தொடங்கியது ஐயெர்ன். இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதில் சேர்ந்த பள்ளிகள் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் தொடங்கிய ஈ-ட்வின்னிங், அந்தத் திட்டத்தில் உள்ள நாடுகளின் பள்ளிகளுக்கானது. வேறு நாட்டில் ஆசிரியராக இருக்கும் பழைய நண்பர் ஒருவர் கிடைத்தால் அது இன்னும் சுலபம். அதைவிடப் பக்கத்தில், உங்கள் பள்ளியிலேயே வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் படிக்கும் இன்னொரு வகுப்பு இருக்கலாம். நடுவில் ஒரு சுவர் இருந்தாலே இந்தத் திட்டத்துக்குப் போதும்.

அந்த ஆசிரியரோடு முதல் வாரமே எழுத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டியவை: மாணவர்களின் வயது (இரண்டு வருடத்துக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்), எத்தனை பேர், எந்த வாரங்களில் விடுமுறை, முதலில் அனுப்புவது யார், தாமதமானால் எப்படித் தெரிவிப்பது. விடுமுறையைக் கட்டாயம் கேளுங்கள். பூமியின் தென்பாதியில் இருக்கும் பல நாடுகளில் நீண்ட விடுமுறை டிசம்பர், ஜனவரியில் வரும். நீங்கள் உற்சாகமாக ஆரம்பிக்கும் நேரத்தில் அவர்கள் பள்ளி மூடியிருக்கும்.

வீடியோ கால் வைப்பதாக இருந்தால் கடிகாரத்தையும் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுகின்றன. அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அதற்கான நாட்கள். சென்ற மாதம் சரியாக இருந்த நேரக் கணக்கு இந்த மாதம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். முப்பது பிள்ளைகள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என் யோசனை: ஆரம்பத்தில் ஒரு கால், கடைசியில் ஒரு கால். நடுவில் எல்லாம் கடிதமும் வாய்ஸ் மெசேஜும்தான். யோசித்து எழுத நேரம் கிடைப்பது கற்பவர்களுக்கு நல்லது.

அப்புறம் மொழிப் பங்கீடு. 1960-களில் பிரெஞ்சு, ஜெர்மன் இளைஞர் சந்திப்புகளில் உருவான டேண்டம் முறையில், வேறு வேறு மொழி பேசும் இருவர் தங்கள் மொழியை ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பார்கள். அதற்கு இரண்டு கொள்கைகள் உண்டு. இருவரும் சமமாகக் கொடுத்து வாங்க வேண்டும். தான் என்ன கற்க வேண்டும் என்பதை அவரவரே முடிவு செய்ய வேண்டும். டேண்டம் என்பது இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிளின் பெயர். ஒருவர் மட்டும் மிதித்தால் மற்றவர் சும்மா சவாரி செய்வார். அதனால் பாதிப் பரிமாற்றம் அவர்கள் மொழியில், பாதி நம் மொழியில் என்று கணக்கு வைத்தே நடத்துங்கள். இல்லாவிட்டால் எது பெரிய மொழியோ அதன் பக்கம் எல்லாம் சாய்ந்துவிடும். தமிழ் கற்க ஆர்வம் உள்ள வகுப்புதான் வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே தயங்காமல் கேட்கலாம்.

படி 3: அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது. தலைமையாசிரியரின் ஒப்புதல், பெற்றோரின் கையெழுத்து இரண்டும் முதல் கடிதம் போவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். மாணவர்களின் முதல் பெயர் மட்டும் போகட்டும். முகம் தெரியும் படங்கள் வேண்டாம். கையும் பொருளும் தெரிந்தால் போதும். எல்லாப் பரிமாற்றமும் ஆசிரியர்களின் கணக்கு வழியாகவே நடக்கட்டும், பிள்ளைகளின் தனிப்பட்ட எண்கள் எங்கும் போகக்கூடாது. அமெரிக்கச் சட்டப்படி 13 வயதுக்குக் குறைந்தவர்களின் தகவலை இணையச் சேவைகள் திரட்டப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாட்டைப் பொறுத்து அந்த வயது 13 முதல் 16 வரை இருக்கிறது. எதிர்ப்பக்க ஆசிரியருக்கும் தன் விதிகள் இருக்கும். கடுமையானது எதுவோ அதையே இரண்டு வகுப்பும் பின்பற்றினால் பிரச்சினை இல்லை.

படி 4: சொல்லச் சொல்ல வரைவது

தாங்கி வேலைக்குப் போவதற்கு முன் இரண்டு வாரம் இதற்காக ஒதுக்குங்கள். என்னைக் கேட்டால், முழுத் திட்டத்திலும் மொழி அதிகம் வளர்வது இங்கேதான்.

ஒருவர் ஒரு எளிய படம் வரைகிறார்: ஒரு பெட்டி, ஒரு வட்டம், இரண்டு கோடு. அதைக் காட்டாமல், ஆறு வாக்கியத்தில் விவரித்து அனுப்புகிறார். இணை வகுப்பில் உள்ளவர் அதைப் படித்து வரைகிறார். பிறகு இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஜெர்மன் பேசும் வகுப்போடு செய்தபோது எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை தமிழில் எழுதியது: “பெட்டிக்கு மேலே ஒரு வட்டம் இருக்கிறது.” அவள் வரைந்திருந்த வட்டம் பெட்டியிலிருந்து விலகி, அந்தரத்தில் இருந்தது. திரும்பி வந்த படத்தில் வட்டம் பெட்டியின் மேல்விளிம்பில் பந்து மாதிரி உட்கார்ந்திருந்தது. எங்கள் வகுப்பே அந்தப் படத்தைச் சுற்றி நின்றது. யார் தப்பு செய்தது? இருவரும் இல்லை. தமிழில் ‘மேலே’ என்றால் தொட்டுக்கொண்டு இருப்பதும் ஆகலாம், தொடாமல் உயரே இருப்பதும் ஆகலாம். ஜெர்மனில் இரண்டுக்கும் வேறு வேறு சொல்: தொட்டுக்கொண்டிருந்தால் ‘அவுஃப்’, தொடாமல் இருந்தால் ‘ஊபர்’. தமிழ் படிக்கும் அந்தப் பையன் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது, தேர்ந்தெடுத்தான்.

அடுத்த கடிதத்தில் எங்கள் பிள்ளை “பெட்டியைத் தொடாமல், அதற்கு இரண்டு விரல் உயரத்தில்” என்று எழுதினாள். தன் தாய்மொழியில் இப்படி ஓர் இடைவெளி இருப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். அதை நிரப்பத் தமிழிலேயே வழி இருப்பதையும் அன்றுதான் பார்த்தாள். நான் பலகையில் எழுதிப் போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

இப்படிக் கிடைப்பவற்றை ஒரு பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஸ்பானிய மொழியில் ‘தெரெச்சா’ என்றால் வலது, ‘தெரெச்சோ’ என்றால் நேராக. கடைசி எழுத்தைக் கவனிக்காமல் போனால் கோடு வேறு பக்கம் திரும்பிவிடும். தமிழில் கேட்பவரைச் சேர்த்துச் சொல்ல ‘நாம்’, சேர்க்காமல் சொல்ல ‘நாங்கள்’. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். “நாம் வெட்டுகிறோம்” என்று இணை வகுப்பிலிருந்து வந்தால், “எங்களையும் சேர்த்தா?” என்று நம் பிள்ளைகள் கேட்டு எழுத வேண்டிவரும். அந்தக் கேள்வி ஒரு கடிதத்துக்குப் போதுமான விஷயம்.

படி 5: யாருக்காகச் செய்கிறோம்?

நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் இணை வகுப்பில் ஒரு குழு. வேலை இதுதான்: அவர்கள் படிக்கும் மேசையில் வைக்க ஒரு புத்தகத் தாங்கி வடிவமைக்க வேண்டும். அட்டை மட்டுமே பயன்படுத்தலாம். பசை கிடையாது, டேப் கிடையாது. ஒரு கிலோ எடையுள்ள புத்தகம் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். பிரித்துத் தட்டையாக அடுக்க முடிய வேண்டும்.

பசை வேண்டாம் என்பது மிக முக்கியமான நிபந்தனை. பசை இருந்தால் எந்த அளவுப் பிழையையும் மறைத்துவிடலாம்.

வரைவதற்கு முன் கேள்வி கேட்கும் கடிதம் போகட்டும். “உனக்கு என்ன மாதிரித் தாங்கி பிடிக்கும்?” என்று கேட்டால் பயன் இல்லை, “எதுவானாலும் சரி” என்று பதில் வரும். “நீ படிக்கும் புத்தகங்களில் தடிமனானது எத்தனை சென்டிமீட்டர்? படித்துக்கொண்டே எழுதுவாயா? எந்தக் கையால் எழுதுவாய்? மேசையில் எவ்வளவு இடம் மிச்சம்?” என்று அளந்து சொல்லும்படியான கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள். ஒரு முறை “நான் தரையில் உட்கார்ந்துதான் படிப்பேன்” என்று ஒரு பதில் வந்தது. அந்தக் குழு வரைந்து வைத்திருந்த எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, வேறு உயரத்தில் புதிதாக ஆரம்பித்தது. அந்த ஒரு வாக்கியத்தை அவர்கள் எத்தனை முறை திரும்பத் திரும்பப் படித்தார்கள் என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

படி 6: அட்டையோடு பழகுதல்

அட்டைப்பெட்டிகளைப் பிரித்து எடுத்த அட்டை போதும். அதை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு தாள்களுக்கு நடுவே நெளிநெளியாக இன்னொரு தாள் ஓடும். அந்த நெளிகள் செங்குத்தாக நிற்கும்படி அட்டையை வைத்தால் தூண் வரிசை மாதிரி எடையைத் தாங்கும். படுக்கையாக ஓடும்படி வைத்தால் பாரம் ஏறியதும் நசுங்கிவிடும். ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டி, இரண்டு திசையிலும் மேலிருந்து அழுத்திப் பார்க்க வையுங்கள். கை சொல்வதை அதன்பின் மறக்க மாட்டார்கள்.

பக்கவாட்டுப் பலகைகள் இரண்டு, குறுக்குப் பலகை ஒன்று. ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்க வேண்டும். அடிப்படை இதுதான், வடிவமும் சாய்வும் குழுவின் விருப்பம். குறுக்குப் பலகையின் உயரம் 8 செ.மீ. என்றால், அதில் மேலிருந்து 4 செ.மீ. ஆழத்துக்கு ஒரு பிளவு. பக்கவாட்டுப் பலகையில் கீழிருந்து 4 செ.மீ. ஆழத்துக்கு ஒரு பிளவு. செருகியதும் இரண்டின் அடிப்பாகமும் மேசையில் சமமாகப் படியும். பிளவின் அகலம் அட்டையின் தடிமனுக்குச் சரியாக இருக்க வேண்டும். 3 மி.மீ. அட்டைக்கு 5 மி.மீ. பிளவு வெட்டினால் தாங்கி ஆடும். 2 மி.மீ. வெட்டினால் செருகும்போது அட்டை மடங்கிப்போகும். ஸ்கேலை அட்டையின் வெட்டு விளிம்பில் வைத்து முதலில் தடிமனை அளந்துவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும்.

மடிக்க வேண்டிய இடத்தில், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு இழுத்தால் மடிப்பு நேராக வரும். கட்டர் கத்தியால் வெட்ட வேண்டிய பகுதிகளைச் சிறிய பிள்ளைகளிடம் கொடுக்காமல் நீங்களே வெட்டிக் கொடுங்கள்.

முதல் மாதிரி மட்டமாகத்தான் வரும். அதைத் தூக்கிப் போடாமல், தேதி எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

படி 7: செய்முறையை எழுதுதல்

குழு தன் தாங்கியைச் செய்து முடித்ததும், இணைக் குழு அதைப் பார்க்காமலே செய்யும்படி செய்முறை எழுத வேண்டும். அதிகபட்சம் பன்னிரண்டு படிகள். முதல் தடவை படமே கூடாது, சொற்கள் மட்டும். எழுதுவது அவர்கள் மொழியில், அதாவது நம் பிள்ளைகள் கற்கும் மொழியில். அவர்கள் அனுப்புவது தமிழில். இரண்டாம் தடவையில் ஒரே ஒரு படம் சேர்க்கலாம். எந்தப் படிக்குப் படம் வேண்டும் என்று குழு முடிவு செய்யட்டும். எந்த இடத்தில் சொல் தோற்றது என்பதை அவர்கள் அப்போது கண்டுபிடிப்பார்கள்.

மொழிபெயர்ப்புச் செயலிகளைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். தடை செய்வதால் பயன் இல்லை. நான் வைத்திருக்கும் விதி: முதலில் தெரிந்த சொற்களை வைத்து நீங்களே எழுதுங்கள், அதைச் செயலியில் போட்டுத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள், நீங்கள் நினைத்தது வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் வாக்கியத்தை இன்னும் சின்னதாக உடையுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல் என்றானதும் பெரும்பாலான குழப்பம் போய்விடும்.

அளவுகளில்தான் எதிர்பாராத சிக்கல் வரும். ஏ4 தாள் 210 × 297 மி.மீ. அமெரிக்காவிலும் கனடாவிலும் வழக்கத்தில் இருக்கும் லெட்டர் தாள் 216 × 279 மி.மீ. “தாளை நீளவாட்டில் பாதியாக மடித்து அட்டையில் வைத்து வரை” என்று எழுதினால் இரண்டு இடத்திலும் இரண்டு அளவு கிடைக்கும். ஜெர்மன், பிரெஞ்சுப் பள்ளிகளில் இரண்டரையை 2,5 என்று எழுதுவார்கள், நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் காற்புள்ளி வைக்கிறார்கள். அதை இரண்டு தனித்தனி எண்ணாகப் படித்துவிட்டு நம் பிள்ளைகள் திகைப்பார்கள். சென்டிமீட்டரா, அங்குலமா என்று எழுதாமல் விடுவதும் நடக்கும். 1999-இல் நாசாவின் செவ்வாய் சுற்றுக்கலன் ஒன்று தொலைந்துபோனதற்கு, ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் கொடுத்த கணக்கை மற்றொன்று நியூட்டன் அலகாக எடுத்துக்கொண்டதுதான் காரணம். அளவுக்குப் பக்கத்தில் அலகு எழுத மறந்த பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்வேன். அடுத்த முறை மறப்பதில்லை.

படி 8: திருத்தம்

இணைக் குழு நம் செய்முறையைப் படித்துச் செய்த தாங்கியின் படத்தை அனுப்பும். பல நேரம் அது தாங்கி மாதிரியே இருக்காது. அந்த நாளை நல்ல நாளாக எடுத்துக்கொள்ளப் பிள்ளைகளை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்.

பிழைகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: பொருளைக் கெடுத்தவை, கெடுக்காதவை. ‘மேலிருந்து’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘கீழிருந்து’ என்று எழுதியது பொருளைக் கெடுத்த பிழை. ஒற்று விட்டுப்போனது கெடுக்காத பிழை. முதல் சுற்றில் கெடுத்தவற்றை மட்டும் பேசுங்கள், அதுவும் ஒரு கடிதத்துக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்தால் அடுத்த கடிதம் பாதியாகச் சுருங்கிவிடும். கெடுக்காதவை கடைசி வடிவத்தை எழுதும்போது சரியாகட்டும்.

கருத்துச் சொல்வதற்கு அமெரிக்கக் கல்வியாளர் ரான் பெர்கர் வலியுறுத்தும் மூன்று நிபந்தனைகள் எனக்குக் கைகொடுத்திருக்கின்றன: அன்பாக இருக்க வேண்டும், குறிப்பாக இருக்க வேண்டும், உதவ வேண்டும். அவர் காட்டும் ஓர் உதாரணத்தில் முதல் வகுப்புப் பையன் ஒருவன் வண்ணத்துப்பூச்சியை ஆறு முறை வரைகிறான். சக மாணவர்கள் ஒவ்வொரு முறையும் ஒன்றைச் சொல்லச் சொல்ல, ஆறாவது படம் முதல் படத்தை வரைந்த அதே கையா என்று கேட்க வைக்கிறது. “நன்றாக இருக்கிறது” என்பது இந்த மூன்றில் ஒன்றை மட்டும் நிறைவேற்றும். “நான்காவது படியில் எந்தப் பக்கம் என்று சொன்னால் எனக்குச் சுலபமாக இருக்கும்” என்பது மூன்றையும் நிறைவேற்றும். இதுபோல நான்கைந்து வாக்கியங்களை இரு மொழியிலும் அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டால், மொழி குறைவாகத் தெரிந்த பிள்ளையும் பேச முடியும்.

மதிப்பெண்

பள்ளி நேரத்தைக் கேட்டு வாங்க இது தேவைப்படும். கணக்கு ஆசிரியருக்கு அளவும் கோணமும், அறிவியல் ஆசிரியருக்கு எடையும் சமநிலையும், மொழி ஆசிரியருக்கு ஏவல் வாக்கியமும் முறைப்படுத்தி எழுதுதலும் இதில் கிடைக்கும். நான் அழகுக்கு மதிப்பெண் தருவதில்லை. செய்முறையின் முதல் வடிவத்துக்கும் கடைசி வடிவத்துக்கும் நடுவில் என்ன மாறியது, ஏன் மாறியது என்று மாணவர் தன் நோட்டில் எழுதியதற்குத்தான் பாதி மதிப்பெண்.

வழியில் வரும் சிக்கல்கள்

மொழி நன்றாகத் தெரிந்த ஒரு பிள்ளையே குழுவுக்காக எல்லாக் கடிதமும் எழுதும். இது நிச்சயமாக நடக்கும். எழுதுபவர், வெட்டுபவர், அளப்பவர், பதிவு செய்பவர் என்று நான்கு பொறுப்பு வைத்து வாரம்தோறும் மாற்றுங்கள். எழுத்தில் பின்தங்கிய பிள்ளை அட்டை வெட்டும் வாரத்தில் குழுவுக்கே ஆசானாக நிற்பதைப் பார்க்கலாம். அதே பிள்ளை அடுத்த வாரம் எழுத உட்காரும்போது பழைய பயம் இருப்பதில்லை; தான் வெட்டியதைத்தானே எழுதப்போகிறது.

இணை வகுப்பிலிருந்து பதில் வராமல் போகலாம். பத்து நாள் காத்திருந்து, ஆசிரியருக்கு ஒரு வரி எழுதுங்கள். அதற்குள் உங்கள் வகுப்பிலேயே இரண்டு குழுக்கள் செய்முறைத் தாளை மாற்றிக்கொண்டு செய்து பார்க்கட்டும். வேலை நிற்கக் கூடாது.

இணையமே இல்லையென்றால்? தபால் போதும். 1924-இல் தெற்கு பிரான்சில் பார்-சூர்-லூ என்ற சிற்றூரில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற ஆசிரியர் வகுப்புக்குச் சிறிய அச்சு இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் எழுதியதைப் பிள்ளைகளே எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். நாட்டின் மறுகோடியில், பிரிட்டனியில் இருந்த ஓர் ஆசிரியரின் வகுப்போடு அந்தத் தாள்களைப் பரிமாறிக்கொண்டார்கள். வகுப்புகளுக்கு இடையே கடிதப் போக்குவரத்து என்பது அதன்பின் அவர் முறையின் முக்கியப் பகுதியாகவே ஆகிவிட்டது. கை அச்சுக் கோத்தது, கண் தூரத்து வாசகரை நினைத்தது. நம் அட்டைத் தாங்கிக்கும் அவ்வளவுதான் வேண்டும்.

எட்டாவது வாரம்

திருத்திய செய்முறையோடு, முடிந்தால் தாங்கியையே தபாலில் அனுப்புங்கள். பசை இல்லாததால் துண்டுகளைப் பிரித்து அடுக்கினால் ஒரு உறைக்குள் அடங்கிவிடும். துண்டுகளில் எண் எழுதுங்கள். முதல் மாதிரியின் படத்தையும், அந்த மட்டமான முதல் செய்முறைத் தாளையும் கூடவே வையுங்கள். அங்கே இருப்பவர்கள் அதைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார்கள். கடைசி வீடியோ காலில் பேச்சுக்கு என்று தனியாக எதுவும் தயாரிக்க வேண்டாம். இரண்டு பக்கமும் துண்டுகளை மேசையில் பரப்பி, கேமராவுக்கு முன்னால் பொருத்தத் தொடங்கட்டும். எந்தத் துண்டு எங்கே என்று கேட்டுக்கொண்டே பொருத்துவார்கள். பொருத்தி முடித்துப் புத்தகத்தை வைத்து, ஐந்து நிமிடக் கடிகாரத்தை ஓடவிடுங்கள்.